அட்டையில் ஏறாத மருந்து

பழைய தாதியர் ஒன்றுகூடலுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். ஆளுக்கு இரண்டு பக்கம் வேண்டுமாம். தொலைபேசியில் கேட்ட பெண், "ஆன்ட்டி, நல்ல மெமரீஸா எழுதுங்க லா, படிக்கிறவங்க சந்தோஷப்படணும்" என்றாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். நான்கு நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். சந்தோஷப்படுகிற மாதிரி எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே எது வருகிறதோ அதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு. பக்கமும் இரண்டோடு நிற்காது.

நான் இப்போது குடியிருக்கும் பாசிர் ரிஸ்ஸில் கடைக்குப் போனால் பருவுக்கென்றே ஓர் அலமாரி நிற்கிறது. பிள்ளைகள் தாங்களே பார்த்து, தாங்களே எடுத்து, தாங்களே பூசிக்கொள்கிறார்கள். ஐம்பதுகளில் அப்படி இல்லை. முகத்தில் பரு வந்தால் நம் ஆட்கள் நிறைந்த சிராங்கூன் ரோட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். சந்தனம் என்பார் ஒருவர். உடம்புச் சூடு, நல்லெண்ணெய் தேய்த்துக் குளி என்பார் இன்னொருவர். கல்யாணம் ஆனால் தானாகப் போய்விடும் என்பார் மூன்றாமவர். எல்லாவற்றையும் செய்து பார்த்து, முகத்தைப் புண்ணாக்கி, கடைசியில் எங்களிடம் கொண்டுவருவார்கள். வந்த அன்றே பரு போக வேண்டும் என்றும் கேட்பார்கள்.

தோல் நோய்ப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். என்னோடு படித்தவர்கள் பிரசவம் பார்த்தார்கள், காசநோய் பார்த்தார்கள், அறுவை அறையில் நின்றார்கள். நான் பரு பார்த்தேன். பருவில் யார் சாகப் போகிறார்கள், உனக்கு ராஜ உத்தியோகம் என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. மூன்று வருடம் படுக்கை விரித்தேன், மலச்சட்டி கழுவினேன், ஆங்கிலத்தில் திட்டு வாங்கினேன். தமிழ்ப் பெண்ணொருத்தி ஆண்களின் உடம்பைத் தொடுகிறாள் என்று பஃபலோ ரோட்டில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேருக்குப் பிற்பாடு நான் ஊசி போட்டிருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள். நான் கேட்டுப் போகவில்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசுவாள் என்பதுதான் காரணம்.

அங்கே எனக்கு மேல் இருந்தவர் டாக்டர் இயோ. சீனர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஒல்லி. அவர் கன்னங்களிலேயே பழைய பருக்குழிகள் இருந்தன. அதைப் பற்றி யாரும் பேசியதில்லை, அவரும் பேசியதில்லை. ஆனால் எந்தத் தாதியாவது "பருதானே" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அவர் நோயாளியைப் பார்க்கும் விதம் தனி. அறையில் மின்விளக்கு இருந்தாலும் அணைக்கச் சொல்வார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி உட்கார வைப்பார். பிறகு ஒரு வார்த்தை பேசமாட்டார். மோவாயை இரண்டு விரலால் பிடித்து இடது பக்கம் திருப்புவார், வலது பக்கம் திருப்புவார், பூதக்கண்ணாடியை எடுத்து மூக்கோரமும் நெற்றியும் பார்ப்பார். சட்டையைத் தளர்த்தச் சொல்லி முதுகையும் மார்பையும் பார்ப்பார். வந்தவர்களுக்குப் பொறுமை போய்விடும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் முதல் கேள்வி. அது எல்லாருக்கும் ஒரே கேள்விதான். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய்?

தமிழர்கள் வந்தால் நான் நடுவில் நிற்பேன். அவர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. நான் சேர்ந்த முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர், டாக்டர் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றதில் எரிச்சலாகி, "இந்த ஆளுக்கு மருந்து குடுக்கத் தெரியுமா தெரியாதா? மூணு டாக்டரைப் பாத்துட்டேன், எல்லாவனும் மொகரையைத்தான் பாக்கறான்" என்றார். நான் மரியாதையாக, "சீக்கிரம் குணமாக வேண்டும் என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவர் அவ்வளவு நீளமாகப் பேசினாரே" என்றார்.

வேறு வழியில்லாமல் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"மூன்று டாக்டரைப் பார்த்திருக்கிறார் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அவர்கள் கொடுத்ததெல்லாம் இவர் தோலில் இருக்கிறது. இனிமேல் என்னைத் திட்டினாலும் அதை முழுதாகச் சொல். எதை விடலாம் என்று நீ முடிவு செய்யக் கூடாது" என்றார்.

சிகிச்சை பாதிக்கு மேல் என் கையில்தான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை முகத்தில் பத்து நிமிடம் போட்டு வைப்பேன். பிறகு நுனியில் சின்ன ஓட்டை உள்ள ஓர் எஃகுக் கரண்டியால் கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாக அழுத்தி எடுப்பேன். கரும்புள்ளி என்றால் தோல் துவாரத்தை அடைத்துக்கொண்டு கறுத்து நிற்கும் அழுக்கு. நம் ஆட்கள் முள் என்பார்கள். கரண்டியை நேராக வைத்து அழுத்த வேண்டும், சாய்த்தால் தழும்பு விழும். இரவுக்குக் கந்தகம் கலந்த வெள்ளை லோஷன். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதைப் பூசிக்கொண்டு படுத்தால் கூடப் படுப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நோயாளிகளே சொல்வார்கள். சிலருக்கு வாரம் இரண்டு முறை ஊதா விளக்கு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, முதல் நாள் ஒரு நிமிடம், அடுத்த முறை ஒன்றரை நிமிடம் என்று ஏற்றிக்கொண்டு போவோம். மேல்தோல் உரிந்து வரும்.

ஒரு தபால்காரப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தலையில் கனம் ஏறியது அவனால்தான். முகமெல்லாம் கட்டிகட்டியாகப் பரு. வீட்டில் தொழுநோய் என்று முடிவு கட்டி, தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்துவிட்டார்கள். டாக்டர் அவன் காது மடலில் கீறி நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒன்றுமில்லை என்று வந்தது. பரு மட்டுமே என்று வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ஆங்கிலக் கடிதம், வீட்டில் படிக்க ஆளில்லை. வேலை முடிந்ததும் நானே போய்ச் சிராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றின் மேலிருந்த அவன் வீட்டு மாடிப்படியில் நின்றபடி அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். அவன் அம்மா அங்கேயே அவன் டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து லோஷனை விட, விளக்கை விட, நான் தமிழில் சொல்லும் சொல்தான் நம் ஜனங்களைக் குணப்படுத்துகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்கு அப்போதே யாராவது ஓர் அடி கொடுத்திருக்கலாம்.

சரோஜா வந்தது அதற்கடுத்த வருடம். பத்தொன்பது வயது. நோரிஸ் ரோட்டில் வீடு. ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா லோகாம்பாள் கூடவே வந்தார். பெண்ணின் முகத்தை முந்தானையால் மூடி அழைத்து வந்திருந்தார். விலக்கிப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. இரு கன்னம், நெற்றி, மோவாய் எங்கும் சிவந்து சீழ் கட்டி, ஒரே அளவில், ஒரே நாளில் முளைத்தது போல.

அவள் அழுகிற ரகமில்லை. முதல் நாள் நான் துணி போட்டுவிட்டுக் காத்திருக்கையில் துணிக்குள்ளிருந்தே பேசினாள். தாதிகளை அப்போது எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸ்ஸி, என் கிளாஸ்ல ஒரு பையன் கையைத் தூக்கிக் கேக்கறான், டீச்சர் உங்களுக்கு அம்மையா, வேப்பிலை கொண்டாரட்டுமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"கொண்டா, உன் ஹோம்வர்க்கையும் சேத்துக் கொண்டான்னேன்."

துணிக்குள் அவள் சிரிப்பது தெரிந்தது. பிறகு குரல் மாறியது. "அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க மிஸ்ஸி. அம்மா தூங்கறதே இல்ல. எனக்காக வேணாம், அவங்களுக்காகவாவது சரி பண்ணுங்க."

துணியை எடுத்துக் கரண்டியை வைத்தேன். அழுத்த ஒன்றும் கிடைக்கவில்லை. மூக்கோரம் தேடினேன், நெற்றியில் தேடினேன். ஒரு கரும்புள்ளி இல்லை. அத்தனை பரு இருக்கும் முகத்தில் முள் ஒன்றுகூட இல்லாமல் நான் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழேயும் சில பருக்கள் இருந்தன. அங்கே யாருக்கும் பரு வராது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். "இது பரு இல்லை. ஏதோ மருந்து சாப்பிடுகிறாள். கேள்" என்றார்.

கேட்டேன். லோகாம்பாள், "ஒரு மருந்தும் இல்லீங்க, கசாயம்கூட குடிக்க மாட்டா" என்றார்.

"இருமலுக்கு? தூக்கத்துக்கு? பலத்துக்கு?" டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். லோகாம்பாள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். டாக்டர் பெண்ணையே பார்த்துக் கேட்டார். சரோஜா அம்மாவைப் பார்த்தாள், பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

டாக்டர் அவளுடைய நோய்க்குறிப்பு அட்டையில் நோயின் பெயரை எழுதாமல் கேள்விக்குறி ஒன்று மட்டும் போட்டார். லோஷன் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் சரோஜா விளக்கு அறையில் இருந்தபோது லோகாம்பாள் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, உங்களைத் தங்கச்சி மாதிரி நெனச்சு சொல்றேன். அவளுக்குப் பன்னண்டு வயசுல வலிப்பு வந்துச்சு. ரேஸ்கோர்ஸ் ரோட்டுல ஒரு டாக்டரு மருந்து குடுத்தாரு. இப்ப ரெண்டு வருஷமா வலிப்பு வரவே இல்ல."

"என்ன மருந்துக்கா?"

"தண்ணி மருந்து. உப்புக் கரிக்கும். பாட்டில்ல காகிதம் ஒட்டி அளவு வெட்டியிருக்கும் பாருங்க, அந்த மாதிரி. தெனம் ரெண்டு வேளை."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உப்புக் கரிக்கும் வலிப்பு மருந்து என்றால் புரோமைட். அந்த உப்பு உடம்பில் சேர்ந்துகொண்டே போனால் சிலருக்கு முகத்தில் இப்படித்தான் வெடிக்கும். பயிற்சியில் படித்தது, அன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

"டாக்டர் இதைத்தானேக்கா மூணு தடவை கேட்டாரு?"

"சொன்னா கார்டுல எழுதிடுவாரே மிஸ்ஸி. கார்டு எங்க போகும்? வெளில கவுண்டர்ல உக்காந்திருக்காரே நம்ம கிளார்க்கு, அவரு மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. வலிப்புன்னு ஒரு வார்த்தை அவர் கண்ணுல பட்டுச்சுன்னா அவ்ளோதான். இவளை இந்த ஊர்ல யாரும் கட்டமாட்டாங்க. இவளுக்குக் கீழ இன்னொரு பொண்ணு வேற இருக்கா." கையை விடவே இல்லை. "சத்தியமா சொல்லாதீங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தக் கிளார்க் ஒவ்வோர் அட்டையையும் எடுத்து அடுக்குபவர். யாருக்குப் படை, யாருக்குச் சொறி என்று கோயில்வரை தெரிந்து வைத்திருப்பவர். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல் என் புத்திசாலித்தனத்தையும் காட்டினேன். அன்று சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

"அந்த மருந்தாலதான் இந்தப் பரு வருதுக்கா. அது நின்னா இதுவும் நின்னுடும். அந்த டாக்டர்கிட்டயே போய் வேற மருந்து மாத்தித் தரச் சொல்லுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க."

நான்கு வாக்கியம். முதல் இரண்டைக் கேட்டதும் அந்த அம்மாள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். மற்ற இரண்டைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடி மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்ப ஒருமுறை சொல்லியிருக்கலாம். அவர் வாயாலேயே சொல்ல வைத்திருக்கலாம். என் சொல்லின் மேல்தான் எனக்கு அவ்வளவு நம்பிக்கையாயிற்றே. போனேன், விளக்கை அணைத்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது டாக்டர் மறுபடியும் அதையே கேட்டார். "வேறு மருந்து உண்டா என்று இன்னொரு தடவை கேள். இது முக்கியம் என்று சொல்."

நான் தமிழில் கேட்டேன். லோகாம்பாள் என்னையே பார்த்தபடி இல்லை என்றார். நான் டாக்டரைப் பார்த்து, "இல்லை என்கிறார்" என்றேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து அவள் கன்னத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கேள்விக்குறியை அடித்துவிட்டுப் பரு என்று எழுதினார்.

அடுத்த ஐந்தாறு வாரத்தில் அந்த முகம் தெளிந்ததை நானே பார்த்தேன். முதலில் நெற்றி, பிறகு கன்னம். டாக்டருக்கு ஆச்சரியம். லோஷனில் கந்தகத்தைச் சற்றுக் கூட்டியிருந்தார், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார். சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மருத்துவ மாணவர்களுக்குக் காட்டினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியும். சிரிப்புக்கூட வந்தது.

பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது. லோகாம்பாள் தேக்கா சந்தையிலிருந்து ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சரோஜா பின்னால் முகத்தை மூடாமல் நின்றாள். நல்ல முகம். மூக்கோரம் சின்ன மச்சம் ஒன்று இருந்தது. அதுவரை எனக்குத் தெரியவில்லை.

"அந்த டாக்டர் மருந்தை மாத்திட்டாராக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதெல்லாம் பாத்தாச்சு லா மிஸ்ஸி, நீங்க லட்டு எடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு சரோஜாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வசதி. லட்டைத் தின்றேன்.

புரோமைட் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்காகும். அதனால்தான் உடனே ஒன்றும் நடக்கவில்லை. நிறுத்தியும்கூட வலிப்பு வரவில்லையே என்று அந்த அம்மாளும் தைரியமாக இருந்திருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்கு வந்தபோது கிளார்க் முகப்பில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மிஸ்ஸி, சரோஜா தவறிடுச்சு. நேத்து மத்தியானம்."

நடந்ததை அவரே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட்டிருக்கிறார்கள். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது பெண் விழுந்துவிட்டாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. ஒன்று நிற்குமுன் அடுத்தது. ஆம்புலன்ஸில் எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

"மூளைக்காய்ச்சலா இருக்கும்னு முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாத்தாங்க. நேரம் போச்சு. இதுக்கு முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருக்கான்னு டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டாரு. அம்மா இல்லவே இல்லைன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். பையனோட அம்மாவும் நின்னாங்க. கண்ணு முழிக்கவே இல்ல மிஸ்ஸி, பாவம்."

நான் நேரே டாக்டர் அறைக்குப் போனேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். தாழ்வாரத்தில் சொன்னது, நான் கொடுத்த வாக்கு, நான் சொன்ன நான்கு வாக்கியம், மூன்றாம் முறை நான் சொன்ன இல்லை. அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்து முடித்துவிட்டு அட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.

"அந்த அம்மாள் எந்த வாரம் உன்னிடம் சொன்னாள்?"

சொன்னேன்.

"அதற்குப் பிறகு நான் உன்னிடம் கேட்டேன், இல்லையா?"

"கேட்டீங்க டாக்டர்."

பரு என்று எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் புரோமைட் என்று எழுதித் தேதி போட்டார். படங்களைச் சுவரிலிருந்து எடுத்து மேசை இழுப்பில் போட்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"என் கண் சரியாகத்தான் சொன்னது. அதை விட்டுவிட்டு உன் வாயைக் கேட்டேன்" என்றார். பிறகு, "அந்த வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள் என்றாயே. அவளுக்கும் வலிப்பு வரலாம். வந்தால் அந்த அம்மாள் மறுபடியும் மறைப்பாள், மறுபடியும் மருந்தை நிறுத்துவாள். மகள் ஏன் இறந்தாள் என்று அந்த அம்மாளுக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கே போய் நீயே சொல்" என்றார்.

மத்தியானம் விடுப்புக் கொடுத்தார். சீருடையோடுதான் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா, மருந்தை நிறுத்தினதாலதான். அக்கா, நான் அன்னைக்குச் சரியாச் சொல்லலை. இரண்டில் எதை முதலில் சொல்வது என்று முடிவு செய்வதற்குள் நோரிஸ் ரோடு வந்துவிட்டது.

மாடியில் நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பரிசத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைத்தான் போர்த்தியிருந்தார்கள். தலைமாட்டில் சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள், பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் சுவரோரம் நின்றிருந்தார்கள். லோகாம்பாள் அழுது முடித்துக் குரல் போய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்தேன். தாழ்வாரத்தில் பிடித்த அதே பிடி.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. என் கையை இழுத்துச் சரோஜாவின் கன்னத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது.

"பாருங்க மிஸ்ஸி. தொட்டுப் பாருங்க. ஒரு பரு இல்ல. எம்புள்ள முகம் கண்ணாடி மாதிரி போகுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே சொன்னாங்க, இப்படி ஒரு முகமான்னு. எல்லாம் உங்களாலதான் மிஸ்ஸி. உங்களுக்கு ரொம்ப நன்றி."

அவ்வளவு பேர் முன்னால் என்னைக் கும்பிட்டார். நான் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். தூக்குகிற நேரம் வந்ததும் பெண்களெல்லாம் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். படி இறங்கும்போதுதான் நான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் அது பொய். நினைவிருந்தது. திரும்பி ஏறவில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நோரிஸ் ரோட்டுப் பக்கம் நான் போவதையே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சரோஜாவின் அட்டை மேசையில் திறந்திருந்தது.

"அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?"

"சொல்லிட்டேன் டாக்டர்."

"என்ன சொன்னாள்?"

"நன்றி சொன்னாங்க."

அவர் அதை அட்டையில் எழுதிக்கொண்டார்.